கடலைத் தொட்ட தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் வீட்டுக்கு வந்திருந்தார். கெட்டிக்காரப் பெண். காபியைக் குடித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்து, "சார், இப்போ எந்த ஊர் மோட்டாரையும் இங்கிருந்தே போட்டுடலாம்" என்று ஒரு தட்டுத் தட்டினார். எங்கேயோ ஒரு கிராமத்தில் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டதாகத் திரை காட்டியது. பச்சை விளக்கு ஒன்று மினுக்கியது.

"நிறுத்தறது யாரும்மா?" என்றேன்.

"அதுவும் இதுலயேதான் சார்."

"மறந்துட்டா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிறுத்தும்மா, முதல்ல நிறுத்து என்று எழுந்தே நின்றுவிட்டேன். காபி டபரா உருண்டது. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு மோட்டாருக்கா சார் இவ்ளோ பயம்?" என்று அந்தப் பெண் கேட்டார். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவருக்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. படாளம் பக்கத்தில் சேரியில் பிறந்தவன். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை மாதச் சம்பளம் வாங்கியதில்லை. நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, குடிநீர்ப் பிரிவில் ஓவர்சியராகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் மதுராந்தகம் வட்டாரத்தில் குழாய் அளந்தேன், கைப்பம்பு மாட்டினேன், பள்ளம் தோண்டியவர்களுக்கு அளவுப் புத்தகம் எழுதினேன். அந்த இரண்டு வருடமும் தினமும் காலையில் கண் விழித்ததும் முதலில் வரும் நினைப்பு, இன்றைக்கு வேலை இருக்குமா என்பதுதான். மேலதிகாரி தும்மினால்கூட எனக்கு மெமோ வருகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் கடற்கரைக்கு மாற்றினார்கள். மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பம். பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்களுக்கு நான் யாரென்று தெரியும். எண்பது, தொண்ணூறு வீடுகள். கிழக்கே கடல். மேற்கே உப்புத் தண்ணீர் ஓடும் கால்வாய். நடுவில் ஒரு மணல் மேடு. அந்த மேட்டில் ஒரே ஒரு பழைய கிணறு இருந்தது. அதில்தான் ஊரே குடித்தது. கயிறு போட்டு இறைக்க விடிகாலையிலேயே பெண்கள் வரிசையில் நிற்பார்கள், சண்டை வரும், குடம் நசுங்கும். இதை மாற்றி, புதிதாக ஓர் உறைக்கிணறு இறக்கி, ஆயில் இஞ்சின் வைத்து, ஒரு தொட்டி கட்டி, ஆறு குழாய் போடுவது என்பது திட்டம். நான்தான் களத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மேலே ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், சுந்தரமூர்த்தி சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஜீப்பை விட்டு இறங்கியதும் வணக்கத்துக்குப் பதில் சொல்ல மாட்டார், கையை நீட்டுவார். ரிஜிஸ்தரை அந்தக் கையில் வைக்க வேண்டும். நின்றுகொண்டே படிப்பார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்பார். நாம் பதில் சொன்னதும் தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். அது போதும், முதலில் சொன்ன பதில் சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தண்ணீரைக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். அவர் நாக்கு ஆய்வகத்தைவிட மேல் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள்.

உறைகளை இறக்கி முடித்ததும் அவரே வந்து இரண்டு நாள் தங்கிச் சோதனை போட்டார். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இஞ்சினை ஓட விடுவோம். மணிக்கொரு தரம் கிணற்று நீர்மட்டத்தை அளப்போம். மணிக்கொரு தரம் ஐம்பது மில்லி தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் எடுப்போம். பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் எலுமிச்சம்பழ நிறம் வரும். பிறகு, நான் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கி வந்த பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் எப்போது தங்குகிறதோ அங்கே நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று பார்க்க வேண்டும். உப்பு கூடக் கூட மில்லி கூடும். அந்தக் கிணற்றுக்கு எட்டு மில்லி. நல்ல தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்தும் எட்டு. மூன்று மணி நேரத்துக்கும் எட்டு. நான்காவது மணியில் ஒன்பது. ஐந்தாவதில் பத்தரை.

"நிறுத்துங்க" என்றார் சுந்தரமூர்த்தி சார்.

அன்று மாலைக்குள் அது மறுபடி எட்டுக்கு இறங்கிவிட்டது. அவர் ஒரு செம்பை எடுத்து என்னிடம் காட்டினார். "மோரை அசையாம வச்சா மேலே தெளிவா தண்ணி நிக்கும் பாருங்க, அந்த மாதிரி. இங்க மணலுக்குள்ள மழைத் தண்ணி மேல நிக்குது, கடல் தண்ணி கீழ நிக்குது. மெதுவா எடுத்தா மேல இருக்கறது வரும். அவசரப்பட்டு இழுத்தா கீழ இருக்கறது எழும்பும். இன்னைக்குக் கொஞ்சம்தான், ரொம்ப எழும்பிடுச்சுன்னா சீக்கிரத்துல இறங்காது." பிறகு செங்காவிக் கட்டியை எடுத்து இஞ்சின் கொட்டகைச் சுவரில் அவரே எழுதினார். காலை மூன்று மணி நேரம். மாலை மூன்று மணி நேரம். அதற்கு மேல் கூடாது.

இஞ்சினை ஓட்ட எத்திராஜ் என்பவனை அமர்த்தினோம். அந்தக் குப்பத்துக்காரன்தான். கட்டுமரத்தில் கயிறு சுற்றி வலக்கையில் மூன்று விரல் போனதால் கடலுக்குப் போவதை விட்டவன். இடக்கையால் இஞ்சினைச் சுற்றி ஒரே இழுப்பில் கிளப்பிவிடுவான். எழுதத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு என்று ரிஜிஸ்தரில் போடச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் மனைவி தனபாக்கியம் புதுப்பட்டினம் சந்தையில் மீன் விற்பாள். கொட்டகைக்குப் பக்கத்து வீடு. எனக்கு மத்தியானச் சோறு அங்கேதான்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அவசரநிலை அமலில் இருந்த காலம். பத்து நிமிடம் தாமதமாக வந்தவனைக்கூட வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அலுவலகம் முழுக்கக் குசுகுசுப்பு. தொட்டி ஒழுகுமா, குழாய் பிடுங்கிக்கொள்ளுமா, மைக் வேலை செய்யுமா என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

விழாவுக்கு முதல் நாள் காலை, குப்பத்து நாட்டார் வந்தார். ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவர்தான் தலைவர். பின்னால் இருபது பேர்.

"சார், ஒரு விசயம். எங்க வழக்கம் ஒண்ணு கீது."

வழக்கம் இதுதான். அந்தக் குப்பத்தில் புதுக் கிணறு வந்தால், முதல் தண்ணீரைக் கங்கையம்மன் கோயில் வாசலில் ஊற்ற வேண்டும். ஊற்றிய தண்ணீர் அங்கேயிருந்து ஓடிப் போய்க் கடலைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் கடல் அந்த ஊர்த் தண்ணீரைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாது. தொடாமல் மணலில் நின்றுவிட்டால் ஊருக்கு ஆகாது. பழைய கிணற்றுக்கு அவர்களுடைய தாத்தாக்கள் செய்தார்களாம். ஊரே குடத்தோடு வரிசையாக நின்று, பொங்கு முகத்தில் கடல் மேலேறி வரும் நேரமாகப் பார்த்து, ஒரே மூச்சில் கொட்டினார்களாம்.

"இப்பதான் இஞ்சினு கீதே சார். எவன் குடம் தூக்குவான்? கோயிலாண்ட இருக்கற கொயாயத் தொறந்து வுட்டா ஓடிப் போயி தொட்டுறப் போவுது."

எவ்வளவு நேரமாகிவிடும் என்று நினைத்தேன். கோயிலுக்கும் கடலுக்கும் இடையில் இருநூறு அடிகூட இருக்காது. மறுத்தால் நாளைக்கு விழாவில் கூச்சல் போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. சரி என்றேன்.

காலை ஆறு மணிக்கு எத்திராஜ் இஞ்சினைக் கிளப்பினான். பம்பைக்காரர்கள் வந்தார்கள். கோயில் வாசலில் குழாயைத் திறந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். தண்ணீர் பத்தடி ஓடியது, இருபதடி ஓடியது, மணல் குடித்துவிட்டது. ஆண்கள் மண்வெட்டி எடுத்து வாய்க்கால் வெட்டினார்கள். ஐம்பதடி போயிற்று. வெயில் ஏறியது. கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு எத்திராஜ் வந்து என் முன்னால் நின்றான்.

"சார், மூணு மணி ஆயிட்ச்சி. நிறுத்தட்டா?"

வாய்க்காலைப் பார்த்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

பன்னிரண்டு மணிக்கு மறுபடி வந்தான். "சார், சொவுத்துல பெரிய சார் எழுதிக்கீறாரே." இன்னும் கொஞ்சம் என்றேன். இரண்டு மணிக்கு வந்தவன் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். குடத்தால் ஊற்றினால் ஆள் களைத்துப் போவான், தானாகவே நின்றுவிடும். இஞ்சினுக்குக் களைப்பு ஏது? வாய்க்காலில் பனையோலை பரப்பினார்கள், பழைய பாய்மரத் துணியைப் பரப்பினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடல் மேலேறி வந்தது. நாட்டார் குனிந்து வாய்க்காலின் நுனியைக் கையால் இழுத்து விட்டார். தண்ணீர் அலையைத் தொட்டது. ஊரே ஆர்ப்பரித்தது. என்னைத் தோளில் தூக்கினார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பதினொரு மணி நேரம் இஞ்சின் ஓடியிருந்தது.

மறுநாள் விடிந்ததும், பெருமையாக ரிஜிஸ்தரில் எழுதலாம் என்று கிண்ணத்தை எடுத்தேன். ஐம்பது மில்லி தண்ணீர். மஞ்சள். வெள்ளி நைட்ரேட்டைத் திறந்தேன். எட்டு மில்லி தாண்டியது, மஞ்சள். இருபது, மஞ்சள். முப்பது, மஞ்சள். நாற்பது. ஐம்பதும் தீர்ந்து பியூரெட் காலியானது. கிண்ணம் அப்படியே எலுமிச்சை நிறத்தில் இருந்தது. தண்ணீரை வாயில் விட்டேன். உப்புக் கரித்தது.

பழைய கிணற்றுக்கு ஓடினேன். நாற்பது கெஜம்தான் தூரம், ஒரே மணல். அங்கேயும் கரித்தது. அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். புதியதும் போய், அவர்கள் தாத்தா காலத்துத் தண்ணீரும் போய்விட்டது. பத்து மணிக்கு அதிகாரி வருகிறார்.

அன்றைக்கு நான் செய்ததை என் மனைவியிடம்கூடப் பல வருடம் சொல்லவில்லை. தனபாக்கியத்தின் வீட்டுக்குப் போய், முந்தாநாள் பிடித்த தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். அடுப்படியில் ஒரு குடம் இருந்தது. எதற்கு என்று கேட்டாள். ஒரு டம்ளர் மட்டும் கொடு என்றேன். கொடுத்தாள்.

அதிகாரி வந்தார், மாலை போட்டார்கள், குழாயைத் திறந்தார், எல்லோரும் கை தட்டினார்கள். நான் வெள்ளி டம்ளரை நீட்டினேன். தனபாக்கியம் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இளநீர் மாதிரி இருக்கிறது" என்று மைக்கில் சொன்னார். அப்போது சுந்தரமூர்த்தி சார் நகர்ந்து போய்க் குழாயடியில் கையை ஏந்தினார். ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு அதிகாரியோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நான்கு நாள் அவர் வரவில்லை. அந்த நான்கு நாளில் நான் எத்தனை தடவை கால்வாயைக் கடந்து ஓடிப்போகப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. முதல் நாளே மூன்று வீட்டில் பால் திரிந்தது. "பருப்பு வேவல சார், நாலு தடவ எரிச்சுட்டேன்" என்று தனபாக்கியம் சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். குழந்தைகள் குடித்துவிட்டுத் துப்பின. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கால்வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அக்கரையில் வயற்காட்டுக் கிணறுகளுக்குப் போனார்கள். அங்கே நிலத்துக்காரன் விரட்டினால் அடுத்த கிணறு. பங்குனி வெயில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மழைக்கு ஐப்பசி வர வேண்டும்.

ஊர் காரணம் தேடியது. அம்மன் குற்றம் இருக்க முடியாது, தண்ணீர் கடலைத் தொட்டதைத்தான் எல்லோரும் பார்த்தார்களே. ஆகவே இஞ்சினில் குற்றம். இஞ்சின் என்றால் எத்திராஜ். டீசலைக் கிணற்றில் சிந்திவிட்டான் என்றான் ஒருவன். தீட்டோடு கொட்டகைக்குள் போனான் என்றான் இன்னொருவன். நாட்டார் பஞ்சாயத்தைக் கூட்டப் போகிறார் என்று பேச்சு. குற்றம் என்று தீர்ந்தால் எத்திராஜுக்கு ஊரில் மீன் பங்கு கிடையாது, யாரும் அவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது.

நானோ ரிஜிஸ்தரைப் பற்றித்தான் யோசித்தேன். அன்றைய பக்கம் காலியாக இருந்தது. எத்திராஜைக் கூப்பிட்டேன். "காலைக்கு மூணு கோடு, சாயங்காலத்துக்கு மூணு கோடு. போடு" என்றேன்.

அவன் பென்சிலை இடக்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "பதினொண்ணு ஓட்னமே சார்?"

"போடு எத்திராஜு."

"நீ சொன்னா சரி சார்" என்று போட்டான். கோடுகள் கோணலாக விழுந்தன.

அன்று மத்தியானம் தனபாக்கியம் எனக்குச் சோறு போட்டாள். உப்புத் தண்ணீரில் வடித்த சோறு. எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"எம் புருசன் வாயத் தொறக்க மாட்டான் சார். உன்னிய சாமி மாரி நெனச்சுக்கினு கீறான்" என்றாள். "அந்த டம்ளருத் தண்ணி இன்னாத்துக்கு வாங்கிக்கினு போனன்னு எனக்குத் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லல. நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு கீறேன்."

கையில் இருந்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வேலை போய்விடும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் அப்போதும் நினைத்தேன். என்னை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஐந்தாம் நாள் ஜீப் வந்தது. சுந்தரமூர்த்தி சார் இறங்கிக் கையை நீட்டினார். ரிஜிஸ்தரை வைத்தேன். நின்றபடியே படித்தார். நாட்டாரும் ஆட்களும் சூழ்ந்து நின்றார்கள். எத்திராஜ் கொட்டகை வாசலில் நின்றான், தனபாக்கியம் அவனுக்குப் பின்னால்.

"அன்னைக்கு எத்தனை மணி நேரம் ஓடிச்சு?"

"காலையில மூணு, சாயங்காலம் மூணு சார்."

தலையாட்டினார். இரண்டு கிணற்றிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"எத்தனை மணி நேரம் ஓடிச்சு?"

"ஆறு மணி நேரம் சார்."

அவர் ரிஜிஸ்தரை மூடினார். கோபமில்லாமல், கணக்குச் சொல்லித் தருகிறவர் மாதிரி பேசினார். "தயாளன், கவனமா கேளுங்க. ஆறு மணி நேரத்துக்கே இப்படி ஆயிடுச்சுன்னா, நான் போட்ட சோதனை தப்பு. இந்த மணல்ல நல்ல தண்ணி நிக்கல. இது தேறாத இடம். கிணத்தை மூடச் சொல்லி எழுதிட்டு, இஞ்சினை வேற ஊருக்கு அனுப்பிடுவேன். இவங்களுக்கு இனிமே எதுவும் வராது. ஆனா நிறைய நேரம் ஓடியிருந்தா, அது வேற. இடம் நல்ல இடம்தான், நாமதான் கெடுத்தோம். கிணத்தைத் தொடாம விட்டா மழையில திரும்பி வர வாய்ப்பு இருக்கு. இது ரெண்டுல எது நான் எழுதணும்? உங்க வார்த்தையை வச்சுத்தான் எழுதப் போறேன்."

அதுவரை வேலை போகும் என்பதுதான் பயம். அந்த நிமிடத்தில் வேறொரு பயம் வந்து அதை அப்படியே முழுங்கிவிட்டது. என் ஆறு கோட்டால் அந்த ஊருக்கு என்றைக்குமே தண்ணீர் இல்லாமல் போய்விடும். பெண்கள் வருடம் முழுக்கக் கால்வாயில் இறங்குவார்கள்.

"பதினொரு மணி நேரம் சார். காலையில ஆறுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். எத்திராஜு மூணு தடவை வந்து நின்னான். நான்தான் ஓடட்டும்னேன். கோடும் நான்தான் போடச் சொன்னேன். அதிகாரிக்குக் கொடுத்தது எத்திராஜு வீட்டுப் பழைய தண்ணி."

நாட்டார் முன்னால் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் வாய்க்கால் வெட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்கதான சார் கேட்டோம்" என்றார். "கடலத் தொடணும்னு."

"அவங்களுக்குத் தெரியாது" என்றார் சுந்தரமூர்த்தி சார். "உங்களுக்குத் தெரியும் தயாளன்." அவ்வளவுதான் அவர் என்னைத் திட்டியது.

எழுத வேண்டியதை எழுதினார். என் சம்பள உயர்வு இரண்டு வருடம் நின்றது. வேலை போகவில்லை. தண்டனை அதில் இல்லை. எந்த வேலையாக எங்கே இருந்தாலும் திங்கட்கிழமை காலையில் நான் அந்தக் குப்பத்துக்கு வர வேண்டும், இரண்டு கிணற்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதனை போட வேண்டும், எத்தனை மில்லி என்று அங்கே நிற்கும் பெண்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அதுதான் தண்டனை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மாமல்லபுரம் வந்து, அங்கேயிருந்து மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமையே ஜுரம் வருகிற மாதிரி இருக்கும். நான் கிண்ணத்தை வைப்பதற்குள் பெண்கள் வட்டமாகக் கூடிவிடுவார்கள், கால்வாயில் நனைந்த புடவையோடு. ஒருத்தி காலில் சிப்பி கிழித்து மூன்று வாரம் நொண்டினாள். நிறைமாதக்காரி ஒருத்தி குடத்தோடு வழுக்கி விழுந்தாள். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. சித்திரை, வைகாசி, ஆனி. பியூரெட் காலியாகும், கிண்ணம் மஞ்சளாகவே இருக்கும். "இன்னும் ஆகல" என்பேன். ஒருவரும் திட்ட மாட்டார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஒருநாள் எத்திராஜ் கேட்டான். "நெசமாவே திரும்பி வருமா சார்?"

"தெரியல எத்திராஜு" என்றேன். அந்த ஊரில் நான் பயப்படாமல் சொன்ன முதல் வார்த்தை அது.

ஆடியில் ஒரு மழை. நாற்பத்தாறு மில்லியில் செங்கல் நிறம் தெரிந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஐப்பசி முழுக்க அடித்துக் கொட்டியது. இருபத்தைந்து. பதினெட்டு. கார்த்திகையில் பன்னிரண்டு. மார்கழி பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பது மில்லியில் கிண்ணம் சிவந்தது. பழைய கிணற்றில் எட்டு. சுந்தரமூர்த்தி சாரும் அன்றைக்கு வந்திருந்தார். ஒரு வாய் குடித்தார். "ஓட்டலாம்" என்றார்.

எத்திராஜ் இடக்கையால் இஞ்சினைக் கிளப்பினான். ஊரே குடத்தோடு ஆறு குழாயிலும் வரிசை கட்டியது. தொட்டி அடியில் கொஞ்சம் நிறைந்து, குழாயில் தண்ணீர் வந்தது. ஒன்பது மாதம் கழித்து. குழந்தைகள் கத்தின. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் காதில் இஞ்சின் சத்தம் தவிர வேறெதுவும் விழவில்லை. சரியாக மூன்று மணி நேரம் ஆனதும் எத்திராஜ் யாரையும் கேட்காமல் இஞ்சினை நிறுத்தினான். குழாய்கள் கொஞ்ச நேரம் ஒழுகி நின்றன. வரிசையில் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. முன்பு பழைய கிணற்றில் ஒரு குடத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பெண்கள். இப்போது ஏதாவது கேட்பார்கள், இன்னும் ஒரு குடம் என்று யாராவது கேட்டே தீர்வார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருத்தியும் கேட்கவில்லை. வரிசையில் அடுத்ததாக நின்றது தனபாக்கியம். அவள் குழாயடியில் வைத்த காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரலாம் என்று பின்னால் நின்றவளிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நடந்தாள். மற்றவர்களும் காலிக் குடங்களோடு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். சத்தமாக ஒரு பேச்சு இல்லை. குழந்தையைக்கூட அதட்டிக் கூட்டிப் போனார்கள், கிணற்றுக்குக் கேட்டுவிடும் என்பது போல.

நான் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இத்தனை நாளும் எனக்கு மட்டும் இருந்த பயத்தை ஓர் ஊருக்கே கொடுத்துவிட்டிருந்தேன்.